கோவளத்துக்கு விசா

அபிதகுஜாம்பாள் தன் ஓரகத்தி வத்சலாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தன் போனில் பார்க்கவே மாட்டாள். பார்த்தால், யார் யார் பார்த்தார்கள் என்கிற வரிசையில் தன் பெயரும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சந்தோஷத்தை வத்சலாவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அதனால் கணவர் சத்யநாராயணன் குளிக்கப் போனதும் அவர் போனை எடுத்துப் பார்ப்பாள். பாவம் அந்த மனுஷர், அண்ணி போடுவதையெல்லாம் ஒன்று விடாமல் பார்க்கிற மைத்துனர் என்று வத்சலா குடியிருந்த நாவலூரில் நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

ஸ்டேட்டஸில் வருவதெல்லாம் ஒரே சரக்குதான். வத்சலாவின் பிள்ளை பிரணவ் பதினொன்றாம் வகுப்பு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி போயிருந்தான். பிரணவ் பனியில் நிற்கிறான். பிரணவ் சைக்கிள் ஓட்டுகிறான். பிரணவ் ஒரு ரொட்டியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கிறான். அந்த ரொட்டியை அபிதா விரலால் பெரிதாக்கி, எங்கேயாவது கருகியிருக்கிறதா என்று பார்த்தாள். கருகவில்லை. அன்றைக்குத் தோசை மூன்று கருகியது.

அபிதாவுக்கும் ஒரு பெண் இருந்தாள். நித்யஸ்ரீ. அவளும் பதினொன்றாம் வகுப்புதான். காதில் எந்நேரமும் இயர்போன். சாப்பிட்டாயா என்றால் "ம்." பரீட்சை எப்படி என்றால் "ம்." ஆறாம் வகுப்புக்குப் பிறகு அந்தப் பெண் வீட்டில் ஒரு முழு வாக்கியம் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. ஆனாலும் வெளிநாட்டுக்குப் போக இதைவிட என்ன தகுதி வேண்டும், பனியில் நிற்க வாய் எதற்கு என்பது அபிதாவின் கட்சி.

நித்யா படித்தது அகிலாண்டஜோதி இன்டர்நேஷனல் ஸ்கூலில். செலையூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகும் வழியில் உள்ளே திரும்பினால் வரும். இன்டர்நேஷனல் என்பதற்கு அத்தாட்சியாக வரவேற்பறையில் லண்டன், டோக்கியோ, நியூயார்க், பாரிஸ் என்று எழுதி நாலு கடிகாரம் மாட்டியிருந்தார்கள். நாலும் ஒரே நேரம் காட்டும். பேட்டரி மாற்றுகிற வாட்ச்மேன் ஒழுங்கான மனுஷர். தப்பாக ஓடுகிற கடிகாரத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது, உடனே தாம்பரம் நேரத்துக்குத் திருத்திவிடுவார்.

அந்தப் பள்ளியின் தாளாளர் கஸ்தூரிரங்கன் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூட்டினார். டென்மார்க்கில் ஒரு பள்ளியோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் ஒரே ஒரு சீட் என்றார். தட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டு அனுபவம் உள்ள பிள்ளைக்குத்தான் அந்தச் சீட் என்பது விதி. வெளிநாடே போகாத பிள்ளைக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும் என்று பின்வரிசையில் ஓர் அப்பா கேட்டார். தாளாளர் இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர் மாதிரி மைக்கை இழுத்துக்கொண்டார்.

"வெளிநாடுங்கறது ஒரு இடம் இல்ல சார், அது ஒரு மனநிலை. அந்த மனநிலையை நம்ம பசங்களுக்கு நாமளே க்ரியேட் பண்றோம். முதல் கட்டமா, கோவளம்."

யாரோ சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. கோவளத்தில் கடல் இருக்கிறது, கடல் சம்பந்தப்படாமல் மனுஷன் என்றைக்கு வெளிநாடு போயிருக்கிறான் என்று விளக்கினார். நம் பிள்ளைகள் ஆறு வாரம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி அங்கேயுள்ள அரசுப் பள்ளியில் படிப்பார்கள், அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து படிக்கும். யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்களுக்கு டென்மார்க். கட்டணமும் டென்மார்க் கட்டணமேதானா என்று கேட்டவருக்கு, கலாசாரத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்று பதில் வந்தது.

அபிதா சிரிக்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. போனில் உலக வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். டென்மார்க், ஜெர்மனியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது போதும் அவளுக்கு. முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தாள்.

புறப்படுகிற நாளில் பள்ளி கேட்டில் மேஜை போட்டுக் குடியுரிமைச் சோதனை நடந்தது. புவியியல் ஆசிரியர் ஏசுதாசன்தான் அதிகாரி. பள்ளியே அச்சடித்த நீலப் பாஸ்போர்ட்டை வாங்கி, முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பயணத்தின் நோக்கம் என்ன என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். நீங்கள்தானே சார் அனுப்புகிறீர்கள் என்றான் ஒரு பையன். அவனைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள். அபிதா கட்டிக்கொடுத்த மாவடு, விவசாயப் பொருள் என்று பறிமுதல் ஆனது. அது அப்புறம் ஸ்டாஃப் ரூமில் தயிர்சாதத்தோடு காணப்பட்டதாகச் சொல்வார்கள்.

செலையூரிலிருந்து கோவளம் ஒரு மணி நேரத்துப் பாதை. அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் வெளிநாடு என்கிற உணர்வு வராது அல்லவா? அதனால் பள்ளி வேன் வண்டலூரில் மூன்று மணி நேரம் டிரான்சிட்டில் நின்றது. வெள்ளித்தாள் டப்பாவில் துளித்துளியாக உப்புமாவும் கேசரியும் கொடுத்தார்கள். ஒரு பையனின் அத்தை வீடு அங்கேயே எதிர்த்த தெருவில் இருந்தது. அத்தை வந்து எல்லோரையும் காபி சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டாள். டிரான்சிட் பயணிகள் வெளியே இறங்கக் கூடாது என்று ஏசுதாசன் கையை விரித்துவிட்டார். அத்தை ஜன்னல் வழியாகக் காபி கொடுத்தாள். அதற்கும் சுங்கம் உண்டோ என்று யோசித்துவிட்டு, அவரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அதே வேன் திரும்பி வரும்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. அபிதா வீட்டுக்கு வந்தவள் பெயர் ரேஷ்மா. கோவளம் கடற்கரையில் மீன் விற்கிற செல்லம்மாவின் பெண். அந்தச் செல்லம்மா வீட்டில்தான் நித்யா.

அயல்நாட்டு விருந்தாளியிடம் மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தைகளில், சைகையோடு பேச வேண்டும் என்று பள்ளி சொல்லி அனுப்பியிருந்தது. அபிதா அப்படியே செய்தாள். ஃபேன் சுவிட்சைக் காட்டி, கையைச் சுழற்றி, "காத்து... வரும்" என்றாள். அந்தப் பெண் அவளைக் கவலையோடு பார்த்தது.

"எனக்குத் தமிழ் தெரியும் ஆன்ட்டி. உங்களுக்கு ஒடம்பு எதனா சரியில்லையா?"

விதிகள் அதோடு நிற்கவில்லை. கோவளம் நேரம் தாம்பரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் என்று பள்ளி தீர்மானித்திருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை, கோவளம் நேரப்படி மாலையில், ஐந்தே நிமிஷம் போன். போய்ப் பார்க்க வேண்டுமென்றால் விசாவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். விசா கொடுக்கிறவர் புதன்கிழமை மட்டும் வருவார். அவர் பள்ளி கேன்டீன்காரர்.

இதையெல்லாம் அபிதா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத சேதி இரண்டாவது வாரத்தில் வந்தது. ஏசுதாசன் கூப்பிட்டனுப்பி, டென்மார்க் சீட்டுக்கான மதிப்பெண் முக்கால்வாசி ஒரே பாடத்துக்குத்தான் என்றார். அந்தப் பாடம் வீட்டு ஏக்கம். பிள்ளை வீட்டை நினைத்து ஏங்கி அழ வேண்டும். அழுததை அவர் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"உங்க பொண்ணு முட்டை மேடம். ஒரு சொட்டு கூட விடல. நானும் வீட்டுப் போட்டோவெல்லாம் காட்டிப் பாத்துட்டேன். நல்லா இருக்கு சார்னு திருப்பிக் கொடுத்துடறா."

அபிதா நேராகத் தாளாளரிடம் போனாள். அழாமல் சமர்த்தாக இருப்பது நல்ல குணம்தானே என்று கேட்டாள். கஸ்தூரிரங்கன் அவளைப் பரிவோடு உட்காரச் சொன்னார்.

"அழுதாத்தானே கவுன்சலிங் கொடுக்க முடியும்? கவுன்சலிங் ரூம் கட்டி முடிச்சு, ஏசி போட்டு, மேடத்தையும் அப்பாயின்ட் பண்ணியாச்சு. குழந்தைங்க சந்தோஷமா இருந்துட்டா அந்த மேடம் என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க."

அபிதா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மற்ற பெற்றோர் சும்மா இருக்கவில்லை. கேம்ப் ரோட்டில் நீட் கோச்சிங் நடத்திக்கொண்டிருந்த ஒருவர், வார இறுதியில் ஏக்கப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்துவிட்டார். அங்கே போய்ப் படித்த பெற்றோர், போனில் எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், நாய்க்குட்டியை எப்போது பேச்சில் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். நாய்க்குட்டி இல்லாதவர்கள் ஒன்று வாங்கினார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. ஒரு பையன் முன்கூட்டியே, வேனில் ஏறும் முன்னாலிருந்தே அழுததாகக் கூடுதல் மதிப்பெண் கோரி மனுப் போட்டிருந்தான்.

உண்மையாக அழுதது ஒரே ஆள்தான், ரேஷ்மா. பொழுது சாய்ந்தால் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிடும். இந்த அடுக்குமாடியில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்களே, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று முதல் நாளே கேட்டவள் அவள். அவளுடைய கண்ணீரை ஏசுதாசன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, அவள் நம் பள்ளி மாணவி இல்லையே, இவ்வளவு நல்ல கண்ணீர் வீணாய்ப் போகிறதே என்று அங்கலாய்த்துக்கொண்டு போனார்.

அபிதா தானே முயன்று பார்த்தாள். அந்த வாரத்து ஐந்து நிமிஷத்தில், பால்கனி ரோஜாச்செடி பட்டுவிட்டது என்றாள். "ம்," என்றாள் நித்யா. உன் அறையை ரேஷ்மாவுக்கே கொடுத்துவிட்டோம், கட்டில், மேஜை எல்லாம் அவளுக்குத்தான் என்றாள். ஐயோ என்று ஒரு விசும்பல் வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சூப்பர்மா. அவளுக்குப் பாத்ரூம் லைட் மட்டும் மாத்திக் கொடு, அது கண்ணு சிமிட்டும். வைக்கறேன், செல்லம்மா அம்மா கூப்பிடறாங்க."

செல்லம்மா அம்மா. அன்று முழுவதும் அந்த இரண்டு வார்த்தை அபிதாவின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. மீனே சாப்பிடாத வீட்டில் அந்த முள் எப்படி வந்தது என்று சத்யநாராயணனுக்குப் புரியவில்லை. வேறு ஒருத்தியை நித்யா அம்மா என்கிறாள் என்றாள் அபிதா. அவர் பேப்பரை மடித்துவிட்டு, டென்மார்க் போனாலும் அங்கேயும் ஓர் அம்மா இருப்பாள்தானே, பிரணவ் கூட யாரையோ அப்படித்தானே கூப்பிடுகிறான் என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர்.

கடைசி மதிப்பீட்டுக்கு நாலு நாள் இருந்தது. புதன்கிழமைக்குக் காத்திருந்தால் ஆகாது. அபிதா விசா இல்லாமலே கிளம்பினாள். தாம்பரத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் வேறு பஸ் மாறினாள். மடியில் ஒரு பை. பைக்குள் நித்யாவின் பழைய தலையணை. எண்ணெய்ப் பிசுக்கோடு, குழந்தையிலிருந்து அவள் கட்டிக்கொண்டு தூங்குவது. அதை முகர்ந்தால் கல்லும் கரையும் என்பது திட்டம். இன்னொன்றையும் மனசுக்குள் எடுத்துப் போனாள். அந்தச் செல்லம்மா வீட்டில் ஏதாவது ஒரு குறை அகப்படாமலா போகும்? சமையலில், குளியலறையில், பாத்திரத்தில், எங்கேயாவது.

கடற்கரையில் படகுகள் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு படகு நிழலில் நித்யா உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் ஒரு பெண்மணி கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். காதில் இயர்போன் இல்லை.

நித்யா பேசிக்கொண்டிருந்தாள்.

அபிதா அப்படியே நின்றுவிட்டாள். அது என்ன பேச்சு. வகுப்பில் பக்கத்துப் பெண் என்ன சொன்னாள், அதற்கு இவள் என்ன சொன்னாள், ஆறாம் வகுப்பில் தன்னை யாரோ குண்டு என்று கேலி செய்ததிலிருந்து வாயைத் திறக்கவே பிடிக்காமல் போனது, இப்போது அந்தப் பெயரை நினைத்தால் சிரிப்பு வருவது, அலை ஏன் இரவில் சத்தமாய்க் கேட்கிறது. முற்றுப்புள்ளியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணி பெரிதாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. "சரி, அப்பால?" என்று நடுநடுவே ஒரு வார்த்தை, ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு.

குண்டு என்று கேலி செய்தார்களா? அபிதாவுக்கு அது தெரியாது. இத்தனை வருஷத்தில் தெரியாது.

நித்யா திரும்பிப் பார்த்தாள். "அம்மா, விசா கிடைச்சுதா?" என்று ஓடிவந்தாள். பையில் தலையணையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா? நீயே வெச்சுக்கோ," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

செல்லம்மா எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பாப்பா கவுச்சி சாப்பிடாது என்று தெரிந்து புதுசாய் ஒரு குக்கர் வாங்கி அதைத் தனியாக வைத்திருப்பதாகவும், வீட்டில் மீன் வறுக்கிற நேரத்தில் பாப்பாவைக் காற்றாட வெளியே உட்காரவைத்துவிடுவதாகவும் தானாகவே சொன்னாள். தேடி வந்த குறை ஒன்றும் மிச்சமில்லை. அபிதாவுக்கு மூக்கு விடைத்தது. தலையணையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது நித்யாவின் வாசனையாகவே இருந்தது. அவ்வளவுதான், பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னாக்கா இது, வெயில்ல வந்துகினு மயக்கமா கீதா? குந்துக்கா, குந்து. தே பாப்பா, அம்மாக்குத் தண்ணி எடுத்தா."

"நீங்க எப்படி..." என்று அபிதா விக்கினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. உங்ககிட்ட எப்படிப் பேசறா?"

"தலைய வாரிவுட்டா பேசும்க்கா. பின்னாடி குந்திகினோம்னா நம்ம மூஞ்சி தெரியாதுல்ல, அதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன்க்கா, எம்பொண்ணு உங்க வூட்ல ராத்திரி துன்னுதா? இங்க போன் பண்ணா ஆன்ட்டி ரசம், ஆன்ட்டி ரசம்னுதே. எனுக்கு வவுறு எரியுது, சொல்ட்டேன்."

இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். அப்போது பார்த்து ஏசுதாசன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வாரக்கணக்கில் போலிக் கண்ணீரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனுஷர் அவர். அபிதாவின் முகத்தைக் குனிந்து பார்த்தார். வழிந்து கன்னத்தில் இறங்கி, தாவாயில் தொங்கி, தலையணையில் விழுந்தது. அவர் சட்டென்று மதிப்பெண் நோட்டை எடுத்தார்.

"மேடம், அப்படியே இருங்க. துடைச்சுடாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அபிதா ஒரு காரியம் செய்தாள். கிளம்பும் முன் போனில் எடுத்துவைத்திருந்த, செல்லம்மா தலை பின்ன, நித்யா வாய் ஓயாமல் பேசுகிற படத்தைத் தன் ஸ்டேட்டஸில் போட்டாள். போட்ட கையோடு பார்த்தவர்கள் வரிசையில் வத்சலாவின் பெயர் வந்தது. சொந்தப் போனில், வெளிப்படையாக. பஸ் வண்டலூர் தாண்டுவதற்குள் அவளே கூப்பிட்டும்விட்டாள். பனியைப் பற்றியோ சைக்கிளைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. நித்யா என்ன பேசிக்கொண்டிருந்தாள் என்று மட்டும் கேட்டாள். எல்லாம் என்றாள் அபிதா.

"பிரணவ் ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பண்ணுவான், அபிதா. போட்டோ அனுப்புவான். நான் கேக்கறதுக்கெல்லாம் ம்னு சொல்லுவான்."

அபிதாவுக்கு அந்த ஒரு நிமிஷம் ஜெர்மனி மேல் இருந்த பொறாமை முழுக்க இறங்கி, அப்படியே கோவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

தாயகம் திரும்பும் விழா பள்ளிக் கலையரங்கத்தில் நடந்தது. பிள்ளைகளை மாலை போட்டு வரவேற்றார்கள். வத்சலாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோவளத்திலிருந்து வேனில் வந்த செல்லம்மா, ரேஷ்மாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தாளாளர் கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்தத் திட்டத்துல நம்ம குழந்தைங்க ஒருத்தர் கூட வெளிநாடு போகல. அதனால வெளிநாட்டுல ஒருத்தர் கூடக் கஷ்டப்படல. நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், இந்த ரெக்கார்டு வேற எந்த ஸ்கூலுக்கும் கிடையாது."

கைதட்டல். பிறகு முடிவை அறிவித்தார். டென்மார்க் சீட், தேர்வுக்குழுவின் ஏகமனதான தீர்ப்பின்படி, அபிதகுஜாம்பாளுக்கு. அரங்கம் விழித்தது. பிள்ளைகள் காட்டிய ஏக்கமெல்லாம் டியூஷன் ஏக்கம் என்று குழு கண்டுபிடித்துவிட்டது, சோதனையில் அசலாக நின்றது இந்தத் தாயின் கண்ணீர் ஒன்றுதான், கண்ணீர் குடும்பச் சொத்து, ஆகவே சீட்டும் அதே குடும்பத்துக்கு என்று தாளாளர் சட்டம் விளக்கினார். அம்மா பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. காமர்ஸா பயாலஜியா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அபிதா மேடை ஏறினாள். உறையைக் கையில் கொடுத்தார்கள். ஜெர்மனியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற அதே டென்மார்க். கீழே நித்யாவைப் பார்த்தாள். அவள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாம்மா, ஜாலியா இரு. எனக்கு லீவுக்கு கோவளம் இருக்கு. செல்லம்மா அம்மாகிட்ட கேட்டாச்சு."

அபிதா மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு டென்மார்க் வேண்டாம் சார். என்னையும் கோவளத்துக்கு அனுப்புங்க. செல்லம்மா வீட்டுக்கு. தலை பின்னக் கத்துக்கணும்."

தாளாளர் ஏசுதாசனைப் பார்த்தார். ஏசுதாசன் எழுந்து வந்து காதில் ஏதோ சொன்னார். தாளாளரின் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது. கோவளத்துக்கு என்று அல்ல, பொதுவாகவே ஒரு இடம் நிரம்பிவிட்டால் அவருக்கு அந்த இடத்தின் மேல் வருகிற மரியாதை.

"கோவளம் இந்த சம்மருக்கு ஃபுல் மேடம். அதுவும் செல்லம்மா வீடு ஒரே சீட். நாலு நாள் முன்னாடியே, வெளியாள் கோட்டால, நாவலூர் வத்சலா மேடம் எடுத்துட்டாங்க."

அரங்கம் முழுவதும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. வத்சலா கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தாளாளருக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. நிறுவனம் என்றால் சமரசம்தான் என்றார். வத்சலா மேடம் சம்மதித்தால் இருவரும் பரிமாறிக்கொள்ளலாம், அவருக்கு டென்மார்க், இவருக்குக் கோவளம், மகன் இருக்கிற ஜெர்மனியும் அங்கிருந்து கிட்டத்தானே.

அபிதா மேடையிலிருந்து உறையை நீட்டினாள். ஓரகத்தியிடம் அவள் எதையும் இப்படிக் கை நீட்டிக் கேட்டதில்லை. "அக்கா," என்றாள்.

வத்சலா நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"எனக்குக் கோவளமே போதும் சார்."